எங்கள் ஊர்த் தண்ணீரே எங்கள் பாடம்

(யூபிலி விழாக் கருத்தரங்கில் பங்கின் ஆசிரியர்கள் சார்பில் நிகழ்த்திய உரை)



யூபிலி நன்றி கூறும் காலம். கணக்குப் பார்க்கும் காலமுங்கூட. ஆசிரியர்களாகிய நாங்களும் ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கிறோம். சுற்றுச்சூழல் கல்வியில் எங்களுக்குத் தெரிந்தது எது? இன்னும் கற்க விரும்புவது எது?

பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் இருக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1991-இல் ஆணையிட்டது. இன்று புத்தகத்தில் பாடம் உண்டு. மரம் நடுவிழாவும் உண்டு. நம் தருமபுரி மாவட்டத்திலோ அந்தப் பாடம் பிள்ளைகளின் பற்களிலேயே எழுதியிருக்கிறது.

நம் நிலத்தடிப் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. பாறையிடுக்கில் நெடுங்காலம் தங்கும் நீரில் அது கரைந்து சேர்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. பல் உருவாகும் இளவயதில் அதற்கு மேற்பட்ட நீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். எவ்வளவு விளக்கினாலும் போகாது. அளவு மிகுந்து, பல்லாண்டு குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

இதன் பொருட்டே ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் குழாய் வழியே வருகிறது. ஆனால் குழாயில் நீர் வராத நாளில் குடம் எங்கே போகிறது? குழம்பு எந்தத் தண்ணீரில் கொதிக்கிறது? இதைப் புத்தகம் சொல்லாது. உங்கள் வீடுதான் சொல்லும்.

நாங்கள் கற்க விரும்புவன மூன்று.

முதலாவது, கறைப்பல் உள்ள பிள்ளை தலைகுனியாதபடி இப்பாடத்தை நடத்துவது. கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். கறை அப்பிள்ளையின் அசுத்தத்தால் வந்ததன்று, குடித்த நீரால் வந்தது என்பதை வகுப்பு முழுவதும் உணர வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களும் உணர வேண்டும்.

இரண்டாவது, ஊர்க் கிணறுகளின் வரலாறு. யாக்கோபின் கிணற்றருகே ஆண்டவர் தண்ணீர் கேட்டபோது, அக்கிணற்றைத் தந்தவர் யார், குடித்தவர் யார் என்று சமாரியப் பெண் சொன்னாள். அதுபோல், எந்தக் கிணறு எப்போது வற்றியது, போர் எத்தனை அடி போட்டார்கள் என்பதெல்லாம் நம் பெரியவர்களுக்குத்தான் தெரியும். நோட்டும் பென்சிலுமாகப் பிள்ளைகள் உங்கள் திண்ணைக்கு வருவார்கள். தயவுசெய்து சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாவது, படித்ததை நடைமுறையாக்குவது. "இந்தக் குடத்துத் தண்ணீர் குடிக்க வேண்டாம், அம்மா" என்று பிள்ளை சொல்லும்போது, "பெரியவர்களுக்குப் புத்தி சொல்கிறாயா?" என்று அடக்கிவிட்டால் பாடம் வாசற்படியிலேயே நின்றுவிடும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், படைப்பைப் பேணும் கல்வியில் குடும்பத்தின் பங்கையே சிறப்பாக வலியுறுத்தினார். நல்ல குடிநீர் மனிதரின் அடிப்படை உரிமை என்றும் அதில் எழுதினார்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுவே: இந்த யூபிலி ஆண்டில் ஒவ்வொரு அன்பியமும் தன் தெருவிலுள்ள கிணறு, போர், கைப்பம்பு அனைத்தையும் பட்டியலிடட்டும். நீரின் மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவோம். குடிக்கத் தக்கது, துவைக்க மட்டும் தக்கது என்று ஒவ்வொன்றின் அருகிலும் பிள்ளைகளே எழுதி வைக்கட்டும். இனிப் பிறக்கும் குழந்தைகளாவது வாய்விட்டுச் சிரிக்க இது வழியாகும்.

தண்ணீரைப் படைத்த இறைவன் நம் பங்கையும் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக!