அம்மை என்னும் பொதுப்பெயர்



வியாதியின் பெயரைச் சரியாகச் சொல்லாததால் விளையும் கேட்டைப்பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம்.

நம் நாட்டில் கொப்புளம் கண்டாலும் அம்மை, செந்தடிப்புக் கண்டாலும் அம்மை, கன்னம் வீங்கினாலும் அம்மைக்கட்டு என்கிறோம். பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, அம்மைக்கட்டு ஆகிய நான்கும் அக்காள் தங்கைகளா? இல்லை. நான்கும் வெவ்வேறு வைரஸ் கிருமிகளால் வருபவை. பெரியம்மை கண்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டார்கள். சின்னம்மை குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தானே ஆறிவிடும். மணல்வாரி என்னும் தட்டம்மையோ நுரையீரலைத் தாக்கி உயிரை வாங்கும், கண்ணையும் கெடுக்கும்.

சர்க்கார் சுகாதார இலாகாவார் குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் ஒரு தரமும், 16 முதல் 24 மாதத்திற்குள் மறு தரமும் தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரண்டையும் தடுக்க ஊசி போடுகின்றார்கள். தாயாரிடம் "அம்மை ஊசி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் என்ன ஆகும்? அடுத்த கோடையில் அந்தக் குழந்தைக்குச் சின்னம்மை காணும். உடனே பக்கத்து வீட்டார், "ஊசி போட்டும் ஆத்தாள் வந்துவிட்டாளே, பார்த்தாயா?" என்பார்கள். போட்ட ஊசி சின்னம்மைக்கானதே அல்ல என்று எடுத்துச் சொல்ல அங்கு ஆளிராது. அந்தத் தெருவில் அடுத்த குழந்தைக்கு ஊசி போடமாட்டார்கள்.

இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975-ல். உலகத்திலேயே அது ஒழிந்ததென்று உலக சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்தது. இது 1796-ல் ஜென்னர் என்ற வைத்தியர் தொடங்கிய அம்மைகுத்தும் முறையின் பலனேயொழிய, கூழ் ஊற்றியதன் பலனல்ல. இதையும் "அம்மை ஒழிந்தது" என்று மொட்டையாகச் சொன்னால், "நேற்றுக்கூட எங்கள் தெருவில் வந்ததே!" என்று கேட்பவன் சிரிக்கமாட்டானா?

மேலும், அம்மை என்றால் தாய். தாய் வந்திருக்கும்போது வைத்தியரை அழைக்கலாமா என்று வேப்பிலை கட்டிக் காத்திருக்கின்றார்கள். தட்டம்மை கண்ட குழந்தை மூச்சுத் திணறும்போது இந்த மரியாதை அதன் உயிருக்கே உலையாகின்றது.

ஆகவே, ஊசி போட வருகின்றவர்களிடம், இது எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று கூச்சமின்றிக் கேளுங்கள். உடம்பில் ஏதேனும் கண்டால் வைத்தியரிடம் காட்டி, இது எந்த வியாதி என்று பெயரைக் கேட்டறியுங்கள். இலாகாவாரும் வியாதியின் முழுப்பெயரைச் சொல்லட்டும். அதனால் யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை என்று சொல்லி இதை முடிக்கின்றோம்.