எண்பதாவது கட்டம்

(பழைய மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓய்வு பெற்றபின் பொழுதை எப்படிப் போக்குகிறேன் என்று பேசச் சொன்னார்கள். நான் போர்வை தைக்கிறேன். பழைய துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை. இங்கிலீஷில் குவில்ட் என்பார்கள். தையலில் எனக்குப் பெரிய சாமர்த்தியம் கிடையாது. துணி பொறுக்குகிற அந்த நாலு நாளைப் பற்றித்தான் பேச ஆசை.

எங்கள் விடுதி அறையில் மூன்று பேர். அதில் ஒருத்தி 2022-ல் போய்விட்டாள். பெயரைச் சொன்னால் எனக்குப் பேச்சு நின்றுவிடும். எங்கள் செட்டுக்குத் தெரியும். சென்ற ஆண்டு அவள் மகள் ஒரு பெரிய பையோடு வந்தாள். "பெரியம்மா, அம்மா புடவையெல்லாம் இதுல இருக்கு. பிறக்கப்போற குழந்தைக்கு ஏதாவது தைச்சுக் குடுங்க" என்றாள். பதினேழு புடவை. கத்தரிக்கோலைத் தொடவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. வெட்டிவிட்டால் அப்புறம் அது புடவை ஆகாதே!

அளவு சுலபம். ஐந்து அங்குலச் சதுரம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போக நாலரை நிற்கும். அகலத்தில் எட்டு, நீளத்தில் பத்து, ஆக எண்பது கட்டம். போர்வை 36-க்கு 45 அங்குலம் வரும்.

முதலில் பட்டு மூன்றையும் ஒதுக்கினேன். குழந்தைப் போர்வை அடிக்கடி தோய்க்கிற பொருள். பட்டும் பருத்தியும் ஒரே தண்ணீரில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. பாலியெஸ்டர் மூன்று, பிள்ளைக்கு வேர்க்கும், வேண்டாம். மிச்சத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்ததில் இன்னும் மூன்று இழை விட்டிருந்தன. நின்றது எட்டு.

அதில் ஒன்று சிவப்புச் சுங்குடி. விடுதி விழாவுக்குக் கட்டினாளே, அதேதான். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்ததாம். நாங்கள் அதைக் கட்டிக்கொண்டு லேபில் ஆசிட் ஊற்றியவர்கள்! கையால் முடிச்சுப்போட்டுச் சாயம் தோய்த்தது. ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இராது. நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தேன். வெள்ளை ரோஜா நிறமாயிற்று. நேரடிச் சாயமாகத்தான் இருக்க வேண்டும். வாட் சாயம் என்றால் நூலுக்குள் போய்க் காற்றுப்பட்டதும் கரையாத பொருளாகிவிடும். மாணவிகளே, சாயப் பாடத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசினேன். மூன்று நாள் பிடித்தது.

பிறகு பாயில் பரப்பினேன். எனக்குப் பிடித்த பளிச்சென்ற துணிகளையே வைத்தேன். சந்தைக்கடை மாதிரி ஒன்றோடொன்று சண்டை! கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நிறம் மங்கி, வெளிறியது எது, அடர்த்தி எது என்பது மட்டும் தெரியும். என் மகன் செல்போனில் கறுப்பு வெள்ளைப் படமாகவே எடுத்துக் காட்டிவிட்டான். எல்லாம் ஒரே இருட்டு. வெளிறிய துணி வேண்டும். பையில் அடியில் ஒரு சாம்பல் நிற வாயில் புடவை. மஞ்சள் கறை படிந்த முந்தானை. பிடிதுணிக்கு என்று நான் தள்ளி வைத்தது. அதில் ஒரு துண்டைச் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். சிவப்பு அடங்கி உட்கார்ந்தது.

முப்பத்திரண்டு வருடம் வங்கியில் இருந்தேன். நாள்கணக்கு நேரானால் நிம்மதி வரும். ஆனால் அங்கே ஒரே விடை. யார் கூட்டினாலும் அதுதான். இது வேறு. யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. நான் மட்டும் பாயில் உட்கார்ந்து "ஆங், இதுதான்" என்று சொல்லிக்கொண்டேன். காபி ஆறிப்போயிருந்தது.

மகள் வந்து பார்த்தாள். சுங்குடியைத் தொடவில்லை. அந்தச் சாம்பல் துண்டைத்தான் எடுத்தாள். "இதுலதான் அம்மா கை துடைப்பாங்க" என்றாள். கறையோடு ஒரு கட்டம் வைத்திருக்கிறேன்.

எழுபத்தொன்பது ஆயிற்று. எண்பதாவது இடத்தில் எதை வைத்தாலும் எனக்கு ஒப்பவில்லை. அறைத் தோழிகள் மூவரும் ஒரே துணியில் பச்சை ரவிக்கை தைத்துக்கொண்டோம்; என்னுடையது எப்போதோ போய்விட்டது. மூன்றாமவள் இதோ முன்வரிசையில் இருக்கிறாள். "பீரோவுல இருக்கும்டி, தேடணும்" என்கிறாள். குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. சீக்கிரம் தேடுடி!