கழுத்தில் கட்டி: மறைக்க வேண்டாமே

நான் வைத்தியன் அல்ல. விஞ்ஞானம் படித்த ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. ஆயினும் நம் குடும்பங்களில் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு விஷயத்தைப் பேச விரும்புகிறேன்.

கழுத்திலும் தாடையின் கீழும் உள்ள நிணநீர்ச் சுரப்பிகள் கிருமிகளைத் தடுத்து நிறுத்துபவை. தொண்டைப் புண்ணோ சொத்தைப் பல்லோ இருந்தால் அவை வீங்கி வலிக்கும். மூல காரணம் தீர்ந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் வற்றிவிடும். காதடியில் வீங்கும் பொன்னுக்குவீங்கி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது.

மூன்று வாரம் தாண்டியும் கரையாத, வலியில்லாத கட்டியை அலட்சியம் செய்யலாகாது. நம் நாட்டில் அதற்கு ஒரு முக்கியக் காரணம் காசநோய். 1882-ல் ராபர்ட் கோக் கண்டறிந்த அதே கிருமிதான். முதியோருக்கு, குறிப்பாகப் புகையிலை போடுவோருக்கு, புற்றுநோயாகவும் இருக்கலாம். மெல்லிய ஊசியால் சிறிது உறிஞ்சி எடுத்துச் சோதித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

"பெண்ணுக்கு வரன் பார்க்கும் சமயம், வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?" என்று மூடி மறைப்போர் உண்டு. சுரப்பியில் மட்டும் உள்ள காசநோய் பிறருக்குத் தொற்றாது. அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். வழக்கமாக 6 மாதம் சாப்பிட வேண்டும். கட்டி கரைகிறதே என்று நடுவில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பக்கூடும். முறையாக முடித்தால் குணமாகும்.

ஜாதகம் ஆறு மாதம் காத்திருக்கலாம். வைத்தியத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.