நாளைக்குப் பார்த்துக்கலாம்: ஒரு பச்சை ஃபைலும் உத்திரமேரூர் கல்வெட்டும்

இந்த எபிசோடு மூணு வாரம் முன்னாடியே வந்திருக்கணும். தலைப்பே தள்ளிப்போடுறதைப் பத்தி, அதையே தள்ளிப்போட்டிருக்கேன். சிரிச்சுக்கோங்க, பரவாயில்ல.

இன்னைக்கு ஒரு பச்சை கலர் ஃபைலைப் பத்திப் பேசப் போறேன். எங்க அப்பாவோட ஃபைல். எங்க ஊர் உத்திரமேரூர்ல இருந்து கொஞ்சம் தள்ளி இருக்கற ஒரு கிராமம். அப்பா இறந்ததுக்கு அப்புறம் நிலத்தோட பட்டாவை அம்மா பேருக்கும் எங்க பேருக்கும் மாத்தணும். அதுக்கு முதல்ல இ-சேவை மையத்துல வாரிசு சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கணும். வி.ஏ.ஓ. விசாரிப்பார். சான்றிதழ் கைக்கு வந்ததும் பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுக்கணும். எண்பது சென்ட் நிலம். கோர்ட்டு வழக்கு கிடையாது, பங்காளி தகராறு கிடையாது. ஆனாலும் எனக்கு நாலு வருஷம் ஆச்சு. சரியாச் சொல்லணும்னா, வேலை முடிய ரெண்டு மாசம்தான். ஆரம்பிக்கத்தான் நாலு வருஷம்.

அந்த நாலு வருஷமும் நான் சோம்பேறியா இருந்தேனான்னு கேட்டா, இல்ல. ஆபீஸ்ல ஒரு வேலையும் பாக்கி வச்சதில்ல. ஊருக்குப் போற ஒவ்வொரு தடவையும் "இந்தத் தடவை முடிச்சிடணும்"னு அந்த ஃபைலை பீரோவுல இருந்து எடுப்பேன். திறந்ததும் மேல அப்பா கைப்பட எழுதின கிஸ்தி ரசீது கணக்கு. அடுத்து இறப்புச் சான்றிதழ். அவ்ளோதான், மூடிடுவேன். உடனே வேற வேலை ஞாபகம் வரும். ஒரு பொங்கலுக்குப் போயிருந்தப்ப, ஃபைலை மூடிட்டுப் போய் மோட்டார் ரூம் முழுக்க ஒட்டடை அடிச்சேன். யாரும் சொல்லல. அம்மாவே ஆச்சரியப்பட்டாங்க.

இதைத்தான் கனடாவுல கார்ல்டன் பல்கலைக்கழகத்துல வேலை பார்த்த உளவியலாளர் டிம் பிச்சில் ரொம்ப வருஷமா சொல்லிட்டு வர்றார். 2013-ல் அவரும் ஃபியூஷா சிரோயிஸும் சேர்ந்து எழுதின கட்டுரையோட சாரம் இதுதான்: தள்ளிப்போடுறது நேரத்தை நிர்வாகம் பண்ணத் தெரியாத பிரச்சினை இல்ல, மனநிலையை நிர்வாகம் பண்ற பிரச்சினை. ஒரு வேலையை நினைச்சாலே பயமோ, வெட்கமோ, துக்கமோ வருது. அந்த வேலையை விட்டு விலகினதும் அப்பாடான்னு இருக்கு. அந்த 'அப்பாடா'தான் கூலி. அடுத்த தடவையும் மனசு அந்தக் கூலிக்குத்தான் போகும். பில் கட்டப்போறது நாளைக்கு இருக்கற நான்தானே, இன்னைக்கு இருக்கற எனக்கு என்ன வந்துச்சு?

அதனாலதான் புது பிளானர், புது ஆப், அஞ்சு மணி அலாரம் எதுவும் எனக்கு உதவல. நேரம் என்கிட்ட இருந்துச்சு. ஃபைலைத் திறந்துட்டு அஞ்சு நிமிஷம் அந்த நாற்காலியில உட்காரத்தான் முடியல. திருவள்ளுவர்கூட ஒரு குறள்ல காலம் தாழ்த்துறதையும் சோம்பலையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாம, மறதியோடும் தூக்கத்தோடும் சேர்த்துத் தனித்தனியாத்தான் எண்ணியிருக்கார். 'நெடுநீர்'ங்கறது அவர் சொல்ற வார்த்தை. நாமதான் எல்லாத்தையும் சோம்பேறித்தனம்னு ஒரே மூட்டையில கட்டிட்டோம்.

அப்புறம் ஒரு ஆடிக்கு அம்மா போன் பண்ணாங்க. கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் கேட்கப் போயிருக்காங்க. பட்டா இன்னும் அப்பா பேர்லயே இருக்கு, அதை மாத்திட்டு வாங்கம்மான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அம்மா என்னைத் திட்டல. "உனக்கு வேலை இருக்கும்டா, எப்ப முடியுதோ அப்ப வா"ன்னாங்க. அந்த வருஷம் நாத்து நட வெளியில வட்டிக்கு வாங்கினாங்க. நான் கட்டாத பில்லை அம்மா கட்டுறாங்கன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

அந்த வாரமே கிளம்பி வந்தேன். வந்தும், நேரா இ-சேவை மையத்துக்குப் போகாம வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போயிட்டேன். ஒட்டடை அடிச்ச அதே புத்திதான்! உள்ளூர்க்காரனா இருந்தும் அந்தக் கல்வெட்டுச் சுவரை அன்னைக்குத்தான் உருப்படியா நின்னு பார்த்தேன். முதலாம் பராந்தக சோழன் காலம், 919-லயும் 921-லயும் வெட்டினது. ஸ்கூல்ல குடவோலை முறைன்னு படிச்சிருப்பீங்க. 30 குடும்பு, அதாவது வார்டு. ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க. அப்படித்தான் ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர்னு எடுத்தாங்க. (இதை ஜனநாயகம்னு ரொம்பக் கொண்டாடவும் வேண்டாம். அது பிரம்மதேய ஊர்ச் சபை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் இருக்கற ஆண்கள்தான் அந்தக் குடத்துக்குள்ள வர முடியும். எங்க தாத்தாவோட தாத்தா பேரெல்லாம் வந்திருக்காது.)

என்னை நிறுத்தினது வேற ஒரு விதி. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாம விட்டவன் பேரைத் திரும்பக் குடத்துல எழுதக்கூடாது. அவனோட நிக்கல, அவன் சொந்தக்காரங்க பேரையும் எழுதக்கூடாது. அப்பன், பிள்ளை, சகோதரன், மாமன் மச்சான்னு வரிசையா உறவைச் சொல்லி வெட்டி வச்சிருக்காங்க. இன்னைக்குக் கேட்டா அநியாயம்னு தோணும். ஆனா ஒருத்தன் தள்ளிப்போட்டா அதோட விலை அவன் வீட்டு மேல விழும்கறது எனக்குப் புது செய்தி இல்ல. அம்மாவோட வட்டிக் கணக்கு என் பாக்கெட்டுல இருந்துச்சு.

பதவிக் காலம் 360 நாள். அதுக்கப்புறம் மூணு வருஷம் இடைவெளி விட்டவங்கதான் மறுபடி வர முடியும். "முடிஞ்சப்ப கணக்குக் கொடு"ங்கற பேச்சுக்கே இடமில்ல. முடியற நாளை உன் மனநிலை தீர்மானிக்கல, ஊர் தீர்மானிக்குது.

இன்னொரு விஷயம், இது பெர்ஃபெக்ஷன் நோய் இருக்கற நம்ம ஆளுங்களுக்காக. 919-ல் எழுதின விதியில வயசு 30-லிருந்து 60 வரைக்கும். 921-ல் அதை 35-லிருந்து 70-ன்னு மாத்திட்டாங்க. மத்த தகுதிகளையும் இன்னும் விரிவா எழுதினாங்க. கல்லுல வெட்டின விஷயத்தையே ரெண்டு வருஷத்துல திருத்தியிருக்காங்க. எல்லா ஓட்டையையும் அடைச்சுட்டுத்தான் வெட்டுவோம்னு உட்கார்ந்திருந்தா முதல் கல்வெட்டே வந்திருக்காது. நாம கூகுள் டாக்ல இருக்கற ரெஸ்யூமேவையே ஒரு வருஷமா அனுப்பாம வச்சிருக்கோம்.

சரி, நான் எப்படித்தான் ஆரம்பிச்சேன்? பெரிய வைராக்கியமெல்லாம் இல்ல. பீட்டர் கோல்விட்ஸர்னு ஒரு உளவியலாளர் 1999-ல் எழுதின யோசனை ஒண்ணு உண்டு. "பட்டா மாத்தணும்"னு லட்சியம் வைக்காதே, "இந்த இடத்துல இது நடந்தா நான் இதைச் செய்வேன்"னு முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைங்கறார். நான் போட்ட முடிச்சு: பஸ் ஸ்டாண்ட் கடையில டீ கிளாஸைக் கீழ வச்சதும் இ-சேவை மையத்துக்கு நடப்பேன். ஃபைலைத் திறக்கறது என் வேலை இல்ல, கொண்டு போய் மேசையில வைக்கறது மட்டும்தான் என் வேலை. திறந்தது அங்க இருந்த பொண்ணு. "சார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எங்க?"ன்னு சாதாரணமாக் கேட்டுச்சு. எனக்கு அவ்ளோ கனமா இருந்த ஃபைல், அதுக்கு வெறும் ஜெராக்ஸ் கட்டு.

ரெண்டாவது, தங்கச்சிகிட்ட ஒரு தேதி சொன்னேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ராத்திரி அவ கூப்பிடுவா, என்ன ஆச்சுன்னு நான் கணக்குச் சொல்லணும். ஒண்ணும் ஆகலைன்னா ஒண்ணும் ஆகலைன்னு சொல்லணும். ரெண்டு ஞாயிறு அப்படியும் சொல்லியிருக்கேன். அவ "சரி, அடுத்த வாரம்"னு மட்டும் சொன்னா. அது பெரிய உபகாரம். 2010-ல் கார்ல்டன்லயே ஒரு ஆய்வு பண்ணாங்க. முதல் தேர்வுக்குப் படிக்காமத் தள்ளிப்போட்ட மாணவர்கள்ல, தங்களைத் தாங்களே மன்னிச்சுக்கிட்டவங்க அடுத்த தேர்வுக்குக் குறைவாத்தான் தள்ளிப்போட்டாங்க. கேட்க விநோதமா இருக்கும். ஆனா குற்ற உணர்ச்சி ஏற ஏற ஃபைல் இன்னும் கனமாகுதுன்னு யோசிச்சா புரியும். நாலு வருஷத்துல என்னை நான் திட்டிக்காத நாள் இல்ல. ஒரு ஜெராக்ஸ்கூட அதனால நகரல.

வாரிசு சான்றிதழ் வந்துச்சு, கூட்டுப் பட்டாவும் வந்துச்சு. அதுல அம்மா பேர் முதல்ல இருக்கு. இந்த சம்பாவுக்கு அம்மா சங்கத்துலயே கடன் வாங்கியிருக்காங்க. வெளியில வாங்கின வட்டிக் கடன்ல இன்னும் பாதி பாக்கி. அதை நான்தான் கட்டிட்டு இருக்கேன், மாசம் அஞ்சாம் தேதி, தங்கச்சிக்கு ஸ்க்ரீன்ஷாட்டோட.

உங்க வீட்டு பீரோவுலயும் இப்படி ஒரு ஃபைல் இருந்தா, அதோட கலர் என்னன்னு மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.