எழுத்துக்கும் கூலி உண்டு

(உழைப்பாளிகள் நடத்தும் இணைய எழுத்துக் களம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இரவு ஷிப்டு முடித்து, கண் மூடாமல் நேரே இங்கு வந்திருக்கும் மில் தோழர்கள் இருக்கிறார்கள். நடவு வேலையை விட்டு, ஒரு நாள் கூலியை இழந்து வந்திருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருஷங்களாக நாம் இணையத்தில் ஓர் எழுத்துக் களம் நடத்தி வருகிறோம். மில்லில் நடப்பது, வயலில் நடப்பது, கதை, பாட்டு, சட்ட விளக்கம் எல்லாம் அதில் வருகின்றன. கைபேசி உள்ள எவரும் எழுதலாம், எவரும் படிக்கலாம். இதுவரை ஐந்தாறு தோழர்கள் தங்கள் பையிலிருந்து செலவு செய்து வந்தார்கள். அவர்களில் இருவருக்கு இப்போது மில்லில் வேலை இல்லை. இனி அவர்களிடம் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.

பணம் எங்கிருந்து வருவது? வருகிற பணத்தில் எழுதுகிறவனுக்குப் பங்கு உண்டா, இல்லையா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் இன்று முடிவு செய்தாக வேண்டும்.

என் தவறு

அதற்கு முன் ஒரு சுயவிமர்சனம்.

போன வருஷம் நடவுப் பருவத்தில் ஒரு விவசாயக் கூலித் தாயைப் பார்க்கப் போனேன். அறுபது வயது தாண்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் பண்ணையில் அளந்த கூலி என்ன, வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் எப்படி வைத்திருந்தார்கள் என்பதையெல்லாம் நேற்று நடந்ததுபோலச் சொல்லக்கூடியவர். இரண்டு மாலைப்பொழுது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். களத்தில் வெளியிட்டோம். அதுவரை வந்தவற்றில் அதைத்தான் அதிகம் பேர் படித்தார்கள்.

அடுத்த முறை போனபோது அந்தத் தாய் கேட்டார்: "ஏந்தம்பி, நாத்து நட்டா சாயங்காலமே கூலி தர்றாங்க. இதுக்குக் கூலி உண்டா?"

நான் சிரித்தேன். "இது கூலி வேலை இல்லம்மா, நம்ம ஜனங்களுக்குச் செய்யுற சேவை" என்றேன்.

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. ஆனால் மறுபடி கதை கேட்கப் போனபோது, "வேலை கெடக்கு தம்பி" என்று சொல்லிவிட்டார்.

வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. நான் முழுநேர ஊழியன். மாதா மாதம் கட்சி எனக்கு அலவன்ஸ் தருகிறது. சொற்பம்தான், ஆனால் அது இல்லாவிட்டால் இந்த வேலையை என்னால் செய்ய முடியாது. என் சேவைக்கு அரிசி வேண்டும். அந்தத் தாயின் சேவைக்கு வேண்டாமா? இதே நியாயத்தைப் பண்ணையார் பேசியிருந்தால் நாம் சும்மா விட்டிருப்போமா?

இலவச எழுத்து யார் களஞ்சியத்துக்குப் போகிறது?

"எழுத்து கலையாயிற்றே, அதற்கு விலை பேசலாமா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

2005-ல் ஹஃபிங்டன் போஸ்ட் என்ற செய்தி ஸ்தாபனம் அங்கே இணையத்தில் தொடங்கப்பட்டது. சம்பளம் வாங்கும் பத்திரிகையாளர்கள் அதில் இருந்தார்கள். அவர்களோடு ஆயிரக்கணக்கானவர்கள் சல்லிக்காசு வாங்காமல் எழுதினார்கள். நாலு பேருக்குப் பெயர் தெரியும் என்பதே அவர்களுக்குக் கிடைத்த ஊதியம். 2011 பிப்ரவரியில் ஏ.ஓ.எல். கம்பெனி அந்த ஸ்தாபனத்தை 31.5 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அன்றைய மதிப்பில் சுமார் 1,400 கோடி ரூபாய். பணம் உடைமைக்காரர்களுக்குப் போயிற்று. இலவசமாக எழுதிக் குவித்தவர்களுக்கு ஒரு டாலர்கூட இல்லை.

தொழிற்சங்கவாதியும் எழுத்தாளருமான ஜோனதன் டாசினி என்பவர் அவர்கள் சார்பில் 2011 ஏப்ரலில் வழக்குத் தொடுத்தார். 10.5 கோடி டாலர் பங்கு கேட்டார். 2012 மார்ச்சில் நியூயார்க் கோர்ட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தது. கூலி இல்லை என்று தெரிந்துதானே எழுதினீர்கள், இப்போது கேட்டால் எப்படி என்பதே தீர்ப்பின் சாரம். பிறகு 2018-ல் அந்த ஸ்தாபனம் அமெரிக்காவில் இலவச எழுத்தாளர் பகுதியையே மூடிவிட்டது.

இதில் நமக்கு என்ன பாடம்? அறுத்துக் களம் சேர்த்த பிறகு பங்கு பேசினால் பலிக்காது. கதிரில் அரிவாள் வைப்பதற்கு முன்பே கூலியைப் பேசி முடிக்க வேண்டும்.

விக்கிப்பீடியா மட்டும் எப்படி?

இங்கே ஒரு தோழர் எழுந்து, "விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களுக்கும் கூலி இல்லையே, அதுவும் சுரண்டலா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

2001-ல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியம் 2003-லிருந்து தமிழிலும் இருக்கிறது. அங்கே விளம்பரம் கிடையாது. லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முதலாளி கிடையாது. பெரும்பாலும் படிக்கிறவர்கள் தரும் நன்கொடையில்தான் செலவு நடக்கிறது. ஆரம்பத்தில் அங்கேயும் விளம்பரம் பற்றிப் பேச்சு எழுந்தது. உடனே, 2002 பிப்ரவரியில், ஸ்பானிஷ் மொழியில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் பலர் வெளியேறித் தனியாக ஒரு களஞ்சியம் தொடங்கினார்கள். அதன் பின் விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரவேயில்லை. தறியை நிறுத்தத் தெரிந்தவர்கள் மில்லில் மட்டும் இல்லை, தோழர்களே!

ஆகவே கூலி வாங்காமல் எழுதுவது எல்லாம் சுரண்டல் ஆகிவிடாது. விளைந்ததை யார் அள்ளிக்கொண்டு போகிறான் என்பதே கேள்வி. அதை எவனும் அள்ளவில்லை என்றால், அது ஊர் கூடிக் குளம் வெட்டுவது போல.

ஆனாலும் நமக்கு ஒரு சங்கடம் உண்டு. கூலி இல்லாமல் எழுத யாருக்கு முடியும்? மாதச் சம்பளமும் மாலை ஓய்வும் உள்ளவருக்கு முடியும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்தவனுக்கும், நாற்றங்காலிலிருந்து வந்து அடுப்பு மூட்டுகிறவளுக்கும் முடியாது. எல்லாமே இலவசம் என்று விதி செய்தால், உழைப்பாளியின் பெயரில் நடக்கும் களத்தில் உழைப்பாளி எழுத மாட்டான். அவனைப் பற்றி வேறொருவர் எழுதுவார்.

கோட்டயம் காட்டிய வழி

நமக்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1945-ல் கேரளத்தில், கோட்டயத்தில், 12 எழுத்தாளர்கள் சேர்ந்து சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். மூலதனம் 120 ரூபாய். ஆளுக்குப் பத்து ரூபாய்க் கணக்கு! விமர்சகர் எம். பி. பால் தலைவர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த காரூர் நீலகண்ட பிள்ளை செயலாளர். தகழி சிவசங்கரப் பிள்ளையின் கதைத் தொகுப்பு அவர்கள் போட்ட முதல் புத்தகம். குட்டநாட்டு வயல் கூலிகளைப் பற்றி 'ரண்டிடங்ஙழி' என்று நெல் அளக்கும் படியின் பெயரில் நாவல் எழுதினாரே, அந்தத் தகழிதான்.

எழுத்தாளனிடம் ஒரே ஒரு தடவை சொற்பத் தொகை கொடுத்துவிட்டு, புத்தகத்தின் உரிமையையே வாங்கிக்கொள்வது பதிப்பாளர்களின் பழைய வழக்கம். இந்தச் சங்கமோ விலையில் நூற்றுக்கு 30 வீதம் எழுதியவனுக்கு ராயல்டி என்று வைத்தது. 1949-ல் நேஷனல் புக் ஸ்டாலையும் தன்வசம் எடுத்து, விற்பனையையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. எழுதுகிறவனே உடைமைக்காரன், கடையும் அவனுடையது. மலையாளப் புத்தக உலகில் பல வருஷங்கள் அது முன்னணியில் நின்றது. பிற்காலத்தில் தளர்ச்சியும் வந்தது. ஆனால் சங்கம் மறைந்துவிடவில்லை. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: சங்கம் அமைத்தால் மட்டும் போதாது, வருஷா வருஷம் கணக்குக் கேட்கவும் வேண்டும்.

பணம் எங்கிருந்து?

நம் களத்துக்கு உதவ இருவர் முன்வந்திருக்கிறார்கள். ஒன்று, வாரக் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியின் விளம்பரம். கடன் தவணைக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்த கதையை நம் தோழியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கதைக்குக் கீழேயே கடன் விளம்பரம் வரும்! வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு, வசதியுள்ள ஒருவரின் பெரிய நன்கொடை. நிபந்தனை இல்லை என்கிறார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அடுத்த வருஷம் அவர் தராவிட்டால் களம் மூடப்படும் என்றால், அந்தப் பயமே ஒரு நிபந்தனை. சிறு நன்கொடையை எவரிடமும் வாங்குவோம். ஒருவரை நம்பி நிற்க மாட்டோம்.

மிஞ்சுவது சந்தா. கணக்குப் பாருங்கள். 200 பேர் மாதம் 20 ரூபாய் கொடுத்தால் 4,000 ரூபாய். களத்தின் வாடகை, மின்சாரம் முதலிய செலவுக்கு 800. தட்டச்சு செய்து பிழை திருத்துகிற தோழருக்கு 1,000. சேமநிதிக்கு 600. மீதி 1,600 எழுதுகிறவர்களுக்கு. மாதம் எட்டு எழுத்துக்கு, ஒன்றுக்கு 200 ரூபாய். ஒரு நாள் கூலிக்கும் இது காணாது, எனக்குத் தெரியும். ஆனால் உழைப்பை மதித்து அளக்கும் முதல் படி இது. சந்தா கூடினால் படியும் கூடட்டும்.

எப்படி அளப்பது?

அதிகம் பேர் படித்ததற்கு அதிகப் பணம் என்று சில தோழர்கள் யோசனை சொன்னார்கள். மில் தோழர்களுக்குப் பீஸ் ரேட்டின் சூழ்ச்சி தெரியும். நல்ல பஞ்சும் நல்ல மிஷினும் கிடைத்தவன் கணக்கில் இழை ஓடும். மட்டமான பஞ்சு கிடைத்தவன் அறுந்த இழையை முடிந்துகொண்டே நிற்பான். எழுத்திலும் அப்படித்தான். சினிமாவைப் பற்றி எழுதினால் ஆயிரம் பேர் படிப்பார்கள். வருங்கால வைப்பு நிதிக்கு மனு எழுதும் முறையை விளக்கினால் இருபது பேர்தான் படிப்பார்கள். ஆனால் அந்த இருபது பேருக்கும் அவர்கள் பணம் கைக்கு வரும். எது பெரிய எழுத்து?

ஆகவே நான்கு விதிகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: வெளியிடப்படும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே கூலி. கட்டுரையா, பாட்டா, ஆணா, பெண்ணா என்ற பேதம் இல்லை.

இரண்டு: ஒருவர் சொல்ல மற்றவர் எழுதினால், எழுத்தாளர் சொன்னவரே. அவர் பெயர் மேலே வரும், கூலியும் அவருக்கே. எழுதிக்கொண்டவர் பெயர் கீழே வரும்.

மூன்று: உரிமை எழுதியவருடையது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கையெழுத்திட்ட பத்திரம் இல்லாமல் உரிமை கைமாறாது. எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான் செல்லும். எழுதியவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 வருஷமும் இந்த உரிமை உண்டு. பணமுடைக்காக எந்தத் தாளிலும் கைநாட்டு வைத்துவிடாதீர்கள். எவராவது நம் எழுத்தைப் புத்தகமாகவோ படமாகவோ கேட்டால், அந்தத் தொகையில் பெரும்பகுதி எழுதியவருக்கு. சிறு பகுதி களத்துக்கு.

நான்கு: வரவு செலவு மாதாமாதம் களத்திலேயே வெளியாக வேண்டும். கூலி வேண்டாம் என்கிறவர் அதைச் சேமநிதிக்கு விட்டுக்கொடுக்கலாம். ஆனால் விட்டுக்கொடுக்கும்படி எவரும் எவரையும், சேவை என்ற பெயரால்கூட, நிர்ப்பந்திக்கக் கூடாது.

இந்தக் கடைசி வாக்கியம் எனக்காகவே எழுதியது, தோழர்களே.

அந்தத் தாய் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "வாங்கம்மா, நீங்க கேட்ட கேள்விக்கு எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லப்போறோம்" என்று கூப்பிட்டு வந்தேன். உங்கள் சார்பில் நானே பதில் சொல்லிவிட முடியாது. போன தடவை செய்த தவறே அதுதான். விதிகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். மாற்றம் வேண்டுமானால் சொல்லுங்கள். சரி என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். அவருக்குக் கொடுக்க வேண்டிய பழைய பாக்கியிலிருந்து நம் கணக்குப் புத்தகம் தொடங்கட்டும்!