இடம் வேறு, பணம் வேறு



புனே நகரின் வடமேற்கில், மூளா ஆற்றை ஒட்டி இருக்கிறது போபோடி. ஆற்றைத் தாண்டினால் தாபோடி, இந்தப் பக்கம் கட்கி. கட்கியில் 1869ல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலை இன்றும் நடக்கிறது. அந்தத் தொழிற்சாலைக்கும் கண்டோன்மெண்டுக்கும் ரயில்வேக்கும் வேலைக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். இப்படி நான்கு மொழி காதில் விழ வளர்ந்த பிள்ளைக்கு இலக்கியத்தின் மேல் ஆசை வருவதில் வியப்பே இல்லை. பி.ஏ. முடித்த மகள், "எம்.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர் படிக்கணும், அப்புறம் பிஎச்.டி. பண்ணணும்" என்கிறாள். அப்பா கேட்கிறார்: "சரிம்மா, அதுக்கு எவ்வளவு ஆகும்? யார் கொடுப்பா?"

நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வீட்டுக்குள் ஆள் இல்லாததுதான் நம் குடும்பங்களின் குறை. எனக்குத் தெரிந்த பதிலை இன்று சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் இடம் கிடைப்பது ஒரு காரியம். படிக்கப் பணம் கிடைப்பது இன்னொரு காரியம். இரண்டுக்கும் அலுவலகம் வேறு, தேதி வேறு, கேட்கும் காகிதம் வேறு. இடம் கிடைத்த பிறகு பணத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கும் குடும்பம், பணத்துக்கான கடைசித் தேதியைக் கோட்டைவிடுகிறது.

இடத்திலிருந்து தொடங்குவோம். போபோடிக்கு மிக அருகில் இருப்பது கணேஷ்கிண்டில் உள்ள சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகம். வீட்டிலிருந்தே போய் வரலாம், விடுதிச் செலவு இல்லை. அங்கே துறைகளில் சேர நுழைவுத் தேர்வு உண்டு. 'கமவா வ ஷிகா' என்று ஒரு திட்டமும் உண்டு. கர்மவீர் பாவுராவ் பாட்டீல் பெயரில் நடப்பது. வளாகத்திலேயே சில மணி நேரம் வேலை பார்த்து, படிப்புச் செலவைச் சமாளிக்கலாம்.

வெளியூர் போகத் துணிந்தால் மத்தியப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. தில்லி, ஹைதராபாத், நம் திருவாரூர் எல்லாவற்றுக்கும் ஒரே பொதுத் தேர்வு, சியூஇடி பி.ஜி. 75 கேள்வி, சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 கழிப்பார்கள். பெரும்பாலும் மார்ச் மாதம் நடக்கும். இங்கே பல பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. தேர்வு எழுதிவிட்டோம், மதிப்பெண்ணும் வந்துவிட்டது, இனி அவர்களே கூப்பிடுவார்கள் என்று இருந்துவிடுகிறார்கள். கூப்பிட மாட்டார்கள். அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் போய் மறுபடியும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்குச் சில நாட்களே அவகாசம் இருக்கும்.

அடுத்தது காத்திருப்போர் பட்டியல், அதாவது வெயிட்டிங் லிஸ்ட். அதில் பெயர் வந்தால் வீட்டில் ஒரே சோகம். அந்தச் சோகம் தேவையில்லை. நன்றாக எழுதிய ஒரு மாணவி தில்லியிலும் ஹைதராபாத்திலும் புனேயிலும் பட்டியலில் இருப்பாள், சேரப்போவதோ ஓர் இடத்தில்தான். மற்ற இரண்டும் காலியாகும். பட்டியல் நகர்வது அதனால்தான். பொதுப் பிரிவு, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று ஒவ்வொரு பிரிவின் பட்டியலும் தனித்தனியாக நகரும். ஆகவே உங்கள் பிரிவில் எத்தனையாவது இடம் என்று பாருங்கள். மின்னஞ்சலைத் தினமும் திறந்து பாருங்கள். பல இடங்களில் ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று நாள்தான் கெடு.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் இடம் கிடைத்ததும் இரண்டு பொத்தான் தெரியும். ஒன்று ஃப்ரீஸ், மற்றொன்று அப்கிரேட். ஃப்ரீஸ் என்றால், கிடைத்த கல்லூரி போதும் என்று பொருள். அப்கிரேட் என்றால், இதைவிட மேலே நீங்கள் குறித்த கல்லூரி காலியானால் அங்கே மாற்றிவிடுங்கள் என்று பொருள். அப்படி மாற்றிவிட்டால் பழைய இடம் கையைவிட்டுப் போய்விடும், திரும்பி வராது. விருப்ப வரிசையை நிரப்பும்போதே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

"ஓர் இடத்தில் பணம் கட்டிவிட்டோம், இன்னொன்று கிடைத்தால் கட்டின பணம் போச்சே" என்று பயந்தே நல்ல இடத்தை விட்டவர்கள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி உங்கள் பக்கம் இருக்கிறது. 2024-25 கல்வியாண்டுக்குச் செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுக் கட்டணமும், அக்டோபர் 31க்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் கழித்து மீதியும் திருப்பித் தர வேண்டும் என்று அது சொன்னது. அந்தந்த ஆண்டின் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் 2018லேயே சொல்லிவிட்டது. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதை, மகாராஷ்டிரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் மிகக் கவனமாகக் கேட்க வேண்டும். இது சாதிச் சான்றிதழ் பற்றியது.

பட்டியல் சாதி, பழங்குடி என்ற தகுதி மாநிலத்தோடு கட்டுப்பட்டது. 1990ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆந்திரத்திலிருந்து தந்தையின் வேலைக்காக மும்பை வந்த மாணவர் அவர். பழங்குடி ஒதுக்கீட்டில் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டார். சொந்த மாநிலத்தில் உள்ள தகுதி, குடிபெயர்ந்த மாநிலத்துக்குக் கூடவே வராது என்று தீர்ப்பானது. மகாராஷ்டிர அரசின் எஸ்.சி. ஒதுக்கீடும் உதவித்தொகையும் வேண்டுமென்றால், உங்கள் சாதி இந்த மாநிலப் பட்டியலிலும் இருக்க வேண்டும். குடும்பம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரமும் வேண்டும். ஓ.பி.சி. என்றால் அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. தாத்தாவின் பணிப் பதிவேடு, பழைய பள்ளிச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது இவற்றில் ஏதாவது பரணில் இருந்தால் இன்றே இறக்கிப் பாருங்கள். கட்கி வேலைக்குத் தாத்தா எந்த ஆண்டு வந்தார் என்பது பேத்தியின் படிப்பைத் தீர்மானிக்கிறது.

அதற்குப் பிறகு வந்த குடும்பமா? மனம் தளர வேண்டாம். தந்தையின் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டி, குடிபெயர்ந்தோருக்கான சான்றிதழை இங்கேயே வாங்கலாம். மத்திய அரசின் கல்வி இடங்களுக்கும் உதவித்தொகைகளுக்கும் அது செல்லும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மத்தியப் பல்கலைக்கழகமே நல்ல வழி. மகாராஷ்டிரச் சான்றிதழ் இருப்பவர்களும் அதோடு நின்றுவிடக் கூடாது. சாதிச் சரிபார்ப்புக் குழுவின் செல்லுபடிச் சான்றிதழும் வேண்டும். இங்கே அதை 'வேலிடிட்டி' என்பார்கள். அது கைக்கு வர மாதங்கள் ஆகும். பட்டியலில் பெயர் வந்த பிறகு விண்ணப்பித்தால் எட்டாது. பள்ளி தந்த விலகல் சான்றிதழில், அதாவது எல்.சி.யில், சாதிப் பெயர் மராத்தியில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் அலைய வைக்கும்.

இப்போது பிஎச்.டி.க்கு வருவோம். இலக்கிய ஆய்வுக்கு இந்தியாவில் பெரிய பண ஆதாரம் இளநிலை ஆய்வு நல்கை, அதாவது ஜே.ஆர்.எஃப். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் மிக உயர்ந்த மதிப்பெண் பெறுபவர்களுக்குக் கிடைப்பது. 2023 ஜனவரி முதல் அந்தத் தொகை முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. புத்தகம், பயணச் செலவுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையும் உண்டு. நெட் தேர்வைத் தமிழ் இலக்கியத்திலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். எம்.ஏ. கடைசி ஆண்டிலேயே எழுதலாம். 2024 ஜூன் முதல் பிஎச்.டி. சேர்க்கைக்கும் இதே மதிப்பெண் பயன்படுகிறது. ஜே.ஆர்.எஃப். எட்டாதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 என்று எடை போடுகிறார்கள்.

ஜே.ஆர்.எஃப். இல்லாமல் சேர்ந்தால் என்ன ஆகும்? மத்தியப் பல்கலைக்கழகமாக இருந்தால் மாதம் 8,000 ரூபாய் கிடைக்கும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்தத் தொகையும் உறுதியில்லை. ஆகவே "எனக்கு அட்மிஷன் கிடைத்துவிட்டது" என்று மகன் வந்து சொல்லும்போது, "நல்லதுப்பா, மாதம் என்ன வரும், எத்தனை வருஷம் வரும்?" என்று கேளுங்கள். ஐந்து ஆண்டு கையில் வருமானம் இல்லாமல் ஆய்வு செய்யச் சொல்வது எந்த இளைஞனுக்கும் தாங்காத பாரம்.

பணம் உண்டு என்று ஆன பிறகும் கவனம் வேண்டும். ஜே.ஆர்.எஃப். தானாகக் கணக்கில் விழாது. ஒவ்வொரு மாதமும் பல்கலைக்கழகம் இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். பதிவு செய்பவர் ஒருவர், அவரை 'மேக்கர்' என்பார்கள். சரிபார்த்து ஒப்புதல் தருபவர் இன்னொருவர், 'செக்கர்'. இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதப் பணம் நிற்கும். சேர்ந்த முதல் வாரமே அந்த இருவர் யார், எந்த அறையில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதல் சில மாதத் தொகை தாமதமாகும் என்று வைத்து, கையில் கொஞ்சம் சேமிப்போடு போங்கள்.

அரசின் வேறு நல்கைகளும் இருக்கின்றன. பட்டியல் சாதி மாணவர்களுக்குத் தேசிய நல்கை உண்டு. மகாராஷ்டிரத்தில் ஆய்வு நல்கை தரும் பார்ட்டி, சார்த்தி என்ற இரு அரசு நிறுவனங்களின் தலைமையகமும் புனேயிலேயே இருக்கிறது. ஆனால் இவை நிலையானவை என்று நம்பி உட்கார்ந்துவிட முடியாது. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் நல்கை 2022ல் நிறுத்தப்பட்டது. 2023ல் பார்ட்டி ஆய்வு மாணவர்கள் உதவித்தொகை கேட்டு மும்பை ஆசாத் மைதானத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. வெளிநாட்டில் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகைக்கு 2025ல் 106 பேர் தேர்வானார்கள். முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் வந்தது. மற்றவர்களை, நிதி வந்தால் பார்க்கலாம் என்று காக்க வைத்தார்கள். அதே திட்டத்தில் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு பற்றிய ஆய்வுக்குப் பணம் இல்லை என்று 2022ல் விதி வந்தது. நம் பிள்ளை நம் இலக்கியத்தை ஆராய நினைத்தால் அந்த வாசல் அடைத்திருக்கிறது. இது அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வழி வேறு. அங்கே நல்ல இலக்கியத் துறைகள் பிஎச்.டி. மாணவருக்குக் கட்டணத்தை விலக்கி, பல ஆண்டுகளுக்கு உதவித்தொகையும் தரும். பதிலுக்கு வகுப்பு எடுக்க வேண்டும். விண்ணப்பம் டிசம்பர், ஜனவரியில் முடியும். நிதியோடு இடம் பெற்றவர் ஏப்ரல் 15 வரை யோசிக்கலாம் என்று பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதனால் அங்கே காத்திருப்போர் பட்டியல் நகர்வதும் பெரும்பாலும் அந்தத் தேதியை ஒட்டித்தான். ஆனால் வாசல்கள் சுருங்கி வருகின்றன. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2024 இறுதியில் ஆங்கிலம் உட்படப் பல கலை, சமூக அறிவியல் துறைகளில் பிஎச்.டி. சேர்க்கையை அடுத்த ஆண்டுக்கு நிறுத்தியது. சிகாகோவும் 2025ல் தன் கலைத் துறைகளில் சேர்க்கையைக் குறைத்தது, சிலவற்றில் நிறுத்தியது. திறமை குறைந்ததால் அல்ல, பணம் குறைந்ததால். அப்படி ஒரு மறுப்புக் கடிதம் வந்தால் பிள்ளை தன்னை நொந்துகொள்ளக் கூடாது.

நல்கை என்றால் என்ன செய்யும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று உண்டு. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் ஏ.கே. ராமானுஜன். ஆங்கில விரிவுரையாளராக இருந்தவர். 1958-59ல் எரவடாவில் உள்ள டெக்கான் கல்லூரிக்கு ஆய்வாளராக வந்தார், மொழியியல் படித்தார். 1959ல் ஃபுல்பிரைட் நல்கை கிடைத்து அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1963ல் முனைவரானார். சிகாகோவில் நூலகத்தின் அடித்தளத்தில் சங்கப் பாடல்கள் அவர் கண்ணில் பட்டன. 1967ல் குறுந்தொகைப் பாடல்கள் அவருடைய ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தன. உலகம் நம் அகத்திணையைப் படித்தது. முப்பது வயதில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு மறுபடி மாணவராக முடிந்தது, யாரோ அவருடைய மாதச் செலவை ஏற்றுக்கொண்டதால்.

அதுபோன்ற ஆற்றல் போபோடிச் சந்துகளிலும் இருக்கிறது என்று நான் முழுமனதாக நம்புகிறேன். அதனால் ஒரு வேண்டுகோள். இந்தப் பகுதியில் ஏற்கெனவே எம்.ஏ., பிஎச்.டி. படிக்கும் இளைஞர்களே, ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்திலோ சர்ச் ஹாலிலோ புத்த விகாரத்திலோ ஒரு மேஜை போட்டு உட்காருங்கள். வரும் பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பாருங்கள். எது இல்லை, எங்கே விண்ணப்பிக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெற்றோர்களே, அந்த மேஜைக்குப் பிள்ளையோடு நீங்களும் போங்கள். படித்து வென்ற இடத்தை ஒரு காகிதத்துக்காக நம் பிள்ளைகள் இழக்கக் கூடாது.