கடைசி வாங்கில் இருந்த பிள்ளை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஆசிரியத் தொழிலுக்குப் போன மாணவிகள் சார்பில் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். ஒரே வகுப்பில் படித்து, பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்கு ஒன்றாகப் போன நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய உரை இது.

நம் மலையகத்தில் பாடசாலை எப்படி வந்தது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டது. ஒரு மண்டபம், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு என்பதே பல தோட்டங்களில் பள்ளிக்கூடம். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டங்கள் ஒதுங்கியே நின்றன. 1970களில்தான் அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. கட்டடம் வந்தது, ஆசிரியர் போதவில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் ஜெர்மன் உதவியோடு பத்தனைக் கல்லூரி எழுந்தது. இரண்டு வருடம் விடுதியில் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி.

எங்களுக்குக் கிடைத்தது மஸ்கெலியாவில் ஒரு தோட்டப் பாடசாலை. மவுசாக்கலை நீர்த்தேக்கம் வாசலிலிருந்தே தெரியும். 1969இல் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் நீர் வற்றும் மாதங்களில் வெளியே தெரியும். பிள்ளைகள் அதைப் பார்க்கவே கரைக்கு ஓடுவார்கள்.

தரம் ஒன்பதில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். கடைசி வாங்கு, ஜன்னல் ஓரம். முதலாம் பாடம் முடியும் நேரத்துக்கு வருவாள். கொப்பியைத் திறப்பாள், எழுதமாட்டாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், வாய் திறக்கமாட்டாள். "அந்தப் புள்ளைய விட்டுடுங்க டீச்சர், அதுக்குப் படிப்புல நாட்டம் இல்ல" என்று மற்றப் பிள்ளைகளே எங்களுக்குச் சொன்னார்கள்.

கல்லூரியில் படித்த எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். வர்ண அட்டை, குழு வேலை, விளையாட்டு, சின்னப் பரிசு. முன் வாங்குக்கு மாற்றினோம். அடுத்த நாள் பள்ளிக்கே வரவில்லை. இரவில் பாடக்குறிப்பு எழுதும்போதெல்லாம் அவளைப் பற்றியே பேசுவோம்.

ஒரு மாலை அவளுடைய லயத்துக்குப் போனோம். அம்மா காலையில் பெரட்டுக்குப் போகும்போது கைப்பிள்ளை இவள் கையில். அதைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, தம்பிக்குச் சோறு கட்டி, பீலியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கு நடப்பாள். அது மட்டுமல்ல. கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விடச் சொந்தக்காரர் ஒருவர் பேசி வைத்திருந்தார். தீபாவளி கழிந்ததும் போகவேண்டும். போகப்போகிற பிள்ளைக்குச் சதவீதக் கணக்கு எதற்கு?

அந்த வாரம் சதவீதம்தான் பாடம். பாடநூலில் வங்கி வட்டி. நாங்கள் அதை விட்டுவிட்டு, கரும்பலகையில் ஒரு தோட்டத் தொழிலாளியின் சம்பளத் துண்டை வரைந்தோம். பேர் எத்தனை, மொத்தம் 12,000 ரூபா, ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், தீபாவளி முற்பணத்துக்கு இவ்வளவு, கைக்கு எவ்வளவு?

ஜன்னல் ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"எங்கம்மாவுக்கும் அந்த எட்டு வெட்டுறாங்க. அது எங்க போகுது டீச்சர்?"

அவள் கேட்ட முதற் கேள்வி அது. தொழிலாளியிடம் 960 ரூபா வெட்டினால் கம்பனி தன் பங்குக்கு 12 சதவீதம், அதாவது 1,440 ரூபா போடவேண்டும் என்றோம். இரண்டையும் அவளே கூட்டினாள். "2,400 ரூபா மாசா மாசம் அம்மா பேர்ல சேருதா?" என்றாள். அடுத்த நாள் வீட்டிலிருந்த துண்டுகளை ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுத் துண்டுகளும் அதில் இருந்தன.

இரண்டு வாரம் கழித்து, அரைநாள் வேலையன்று, கொழுந்துப் படங்கு கட்டிய கோலத்தில் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். "டீச்சரம்மா, லயத்துல எல்லாரும் இவகிட்டத்தான் துண்டு பார்க்கக் குடுக்குறாங்க. இன்னும் கொஞ்ச நாள் படிக்கட்டும்" என்றார். அதிபரும் பேசினார். கைப்பிள்ளையைக் காம்பராவில் விடும் வேலையைப் பாட்டி எடுத்துக்கொண்டார். கொழும்புப் பயணம் நின்றது.

அந்தப் பிள்ளை சாதாரண தரத்தில் அதிசயம் எதுவும் செய்யவில்லை. தமிழும் கணிதமும் சித்தி, ஆங்கிலம் இல்லை. ஆனால் பதினாறு வயது வரை வகுப்பில் இருந்தாள். அந்த இரண்டு வருடம் சிறிதல்ல.

நாட்டமில்லாத பிள்ளை என்று சொல்லும்போது, நாட்டம் வேறெங்கே செலவாகிறது என்று பார்க்கவேண்டும். அவளுடைய நாட்டம் தண்ணீரிலும் தம்பியிலும் தாயின் சம்பளத்திலும் இருந்தது. பாடம் அங்கே போன அன்று அவளும் பாடத்துக்கு வந்தாள்.

கட்டாயக் கல்வி 16 வயது வரை என்பது இன்று சட்டம். சட்டம் தானாக லயத்துப் படி ஏறாது. யாராவது கூட்டிப் போகவேண்டும். நூறாண்டு கண்ட நம் சங்கத்திடம் நாங்கள் வேண்டுவது இதுதான். மண்டபத்துக்குச் சாயம் பூசுவோம், நல்லது. அதோடு, பதினான்கு வயதில் வரவு குறையும் பெண்பிள்ளைகளின் பெயரை அதிபர்களிடம் கேட்டு வாங்கி, ஒரு பிள்ளைக்கு ஒரு பழைய மாணவி என்று வீட்டுக்குப் போய்ப் பேசுவோம். கனடாவிலும் லண்டனிலும் தமிழ்நாட்டிலும் இருக்கும் அக்காமார் பஸ் காசுக்கும் கொப்பிக்கும் கைகொடுக்கலாம். நடப்பதற்கு இங்கே நாங்கள் இருக்கிறோம்.

நம்மையும் ஒரு காலத்தில் யாரோ ஓர் ஆசிரியை தேடி வந்ததால்தான் நாம் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறோம்.